யோபுவின் வழக்கும் அப்பரின் முறையீடும்

நல்லவனுக்கு ஏன் இவ்வளவு வலி? விவிலியத்தின் யோபுவும் தேவாரத்தின் அப்பரும் இதை நேரே கடவுளிடமே கேட்டார்கள்.

பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் சுரண்டிக்கொள்கிறார். பாவம் செய்திருப்பாய் என்கிறார்கள் நண்பர்கள். அவர் ஒப்புக்கொள்வதாக இல்லை. சூறாவளியிலிருந்து வரும் கடவுளின் பதிலிலும் காரணம் கிடையாது. பூமிக்கு நான் அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்ற எதிர்க்கேள்விதான். ஆனாலும் முடிவில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு, நண்பர்கள் அல்ல என்று கடவுளே சொல்லிவிடுகிறார். அந்த நூலில் என் மனம் நிற்கும் இடம் அதுதான்.

7ஆம் நூற்றாண்டின் அப்பர் சமணத்தில் இருந்தபோது சூலைநோய் என்ற கடும் வயிற்றுவலி வந்தது. அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அப்பர் 'கொடுமைபல செய்தன நானறியேன்' என்று பாடினார்; நோய் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். யோபு மறுத்ததை அப்பர் பாதி ஏற்கிறார்: வினை இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை, நீர் விலக்கும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு யோபுவையே காட்டுவேன். அந்தப் பாட்டில் அப்பர் வினையைத் தன் வலிக்கு மட்டும்தான் சொன்னார். அதை அடுத்தவர் வலிக்குச் சொல்லும்போது நாம் யோபுவின் நண்பர்களாகிவிடுகிறோம்.