ஓவனில் இல்லாத போர்டுக்கு 4,850 ரூபாய்

ஒரு செயலி மூலம் ஓவனைப் பழுது பார்க்கக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்; நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கே ஆள் அனுப்பி மிக்சி, ஃப்ரிட்ஜ், ஓவன் எல்லாம் பழுது பார்த்துத் தரும் செயலி அது. பெயர் வேண்டாம். ஓடிஜி, அதாவது மேலேயும் கீழேயும் சூடேறும் ராடு உள்ள சின்ன கரண்ட் ஓவன், வைத்திருப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். திடீரென்று கேக் மேலே கருகி, அடியில் மாவு மாவாகவே நின்றது. விளக்கு எரிகிறது, டைமர் ஓடுகிறது, மேல் ராடு சிவக்கிறது. பிறந்தநாள் ஆர்டர் கையில் இருந்ததால் உடனே புக் செய்தேன். வந்து பார்க்க 299 ரூபாய்.

வந்த தம்பியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கழுத்தில் அடையாள அட்டை, செருப்பை வாசலிலேயே கழற்றினார், "பழைய பேப்பர் இருக்காக்கா?" என்று கேட்டு வாங்கித் தரையில் விரித்து அதன்மேல்தான் ஓவனை வைத்தார். கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் ஒரு மூடியில் போட்டு வைத்தார். அப்புறம் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சுக்கா, தெர்மோஸ்டாட்டும் வீக்கு. 4,850 ஆகும். ஆப்ல போட்டா ஜிஎஸ்டி சேர்ந்து ஏறிடும், எனக்கே அனுப்பிடுங்க" என்றார். போர்டு என்றால் ஓவனை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட், தெர்மோஸ்டாட் என்றால் சூட்டை அளவாக வைக்கும் பாகம். அக்கா அக்கா என்று அவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது என்ன செய்வது? அனுப்பினேன். 'கன்ட்ரோல் போர்டு – 1' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஓவனை எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவந்தார். ஆன் செய்து காட்டும்போது பேக்கிங் தட்டைக் கீழ் வரிசையில் செருகி வைத்திருந்தார். மேல் ராடு தகதகவென்று சிவந்தது. "பாருங்க, சூடு ஜம்முனு வருது." கீழ் ராடு தட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. அந்தத் தட்டு எதற்கு அங்கே இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

அடுத்த கேக்கும் அடியில் பச்சைமாவுதான். ஆர்டர் போயிற்று. எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்துச் சிரித்தே விட்டார். "அண்ணி, இது திருகுற குமிழ் மாடல். இதுல போர்டே கிடையாது." உள்ளே இருப்பது தெர்மோஸ்டாட், டைமர், எந்த ராடு எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், ஒயர்கள், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டும் பழையதேதான், ஸ்க்ரூவில் எண்ணெய்ப் பிசுக்குகூடக் கலையவில்லை. ராடுகளின் மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்தார். மேல் ராடு 70 ஓம் பக்கம் காட்டியது; 750 வாட் ராடுக்கு அது சரியான கணக்காம். கீழ் ராடு ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புது ராடு 350 ரூபாய். நான் கொடுத்தது 4,850!

செயலியின் வாடிக்கையாளர் சேவையில், "299 ரூபாய்க்கு மட்டும்தான் நாங்கள் பொறுப்பு மேடம், மீதி உங்களுக்கும் டெக்னீஷியனுக்கும் இடையில்" என்றார்கள். அட்டையை மாட்டி அனுப்பியது யார்? மேலதிகாரி பேசுவார் என்றார்கள், பேசவில்லை. புகார் எண் ஒன்று வந்தது, கொஞ்ச நேரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று அதை மூடியும் விட்டார்கள். தம்பி முதலில் "ஊர்ல இருக்கேங்க்கா" என்றார், இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். 4,850 ரூபாய் என்றால் எத்தனை கிலோ கேக்கின் லாபம் தெரியுமா?

விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: கீழே சூடு வரவில்லை என்றால் தட்டையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு இரண்டு ராடும் சிவக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே மந்தமாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் சூடு 60 சதவீதம் சொச்சம்தான் கிடைக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். தனி ஆளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஓவனை வெளியே கொடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்தாகிவிட்டது, அந்தத் துண்டுச் சீட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.