ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெய்ன்: கயோட்டிக்கு நம்பி வாங்கலாம்

மேற்கு டெக்சாஸ்ல ஃப்ரெண்டோட ஆட்டுப் பண்ணையில கயோட்டி (ஓநாய் மாதிரி, ஆனா சின்ன காட்டு விலங்கு) தொல்லை, ஆடு குட்டி போடுற சீசன்ல விடிஞ்சா ஒண்ணு ரெண்டு குட்டிய காணோம், அதுக்காகத்தான் என் .223 ரெமிங்டன் ரைஃபிளுக்கு இந்தத் தோட்டாவ வாங்கினேன் (55 கிரெய்ன்ங்கறது புல்லட்டோட எடை). அதுக்கு முன்னாடி விலை கம்மின்னு வேற ஒரு கம்பெனியோட முழுசா செம்பு உறை போட்ட தோட்டா யூஸ் பண்ணேங்க, அது ஊசி மாதிரி உள்ள போயி மறுபக்கம் வந்துடுச்சு, அடிபட்ட கயோட்டி புதருக்குள்ள ஓடிருச்சு, இருட்டுற வரைக்கும் தேடினோம். இன்னும் மனசு உறுத்துது. சுட்டா துடிக்க விடக்கூடாது, எனக்கு அதுதான் முதல்ல.

வி-மேக்ஸ் நுனியில சிவப்பு பாலிமர் இருக்கும், பட்டதும் அது பின்னாடி அழுந்தி புல்லட் உள்ளயே சிதறிடும், நெஞ்சுல சரியா பட்டா நின்ன இடத்துலயே விழுது. டப்பாவுல வினாடிக்கு 3240 அடி வேகம்னு போட்டிருக்கு, அது 24 இன்ச் பேரல் கணக்கு, என்னோடது 20 இன்ச், அதனால கொஞ்சம் கம்மியாதான் வரும்.

100 யார்டுல அஞ்சு ரவுண்டும் ஒரு இன்ச்சுக்குள்ள. 200க்கு ஜீரோ வச்சா, அதாவது 200 யார்டுல குறி வச்ச இடத்துலயே படுற மாதிரி செட் பண்ணா, 300ல சுமாரா 7 இன்ச் இறங்கும், லேசான புல்லட்ங்கறதால காத்து நல்லாவே தள்ளும், அதான் நான் 250 தாண்டி சுடுறதே இல்ல.

குறைன்னா, தோள் எலும்புல பட்டா புல்லட் உள்ள போகாம மேலயே உடைஞ்சுடலாம், தோலும் கிழியலாம். மொத்தமா வாங்காதீங்க, ஒரே ஒரு டப்பா வாங்கி உங்க ரைஃபிளுக்கு ஒத்துப்போகுதான்னு பேப்பர்ல சுட்டுப் பாருங்க.