பால்மரம் வெட்டியவருக்குப் பட்டை மருந்து

ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து மலேசிய ரிங்கிட். ரசீதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். புற்றுநோய் நிபுணரைப் பார்த்ததற்கு அவ்வளவுதான். மெல்பர்னில் மருத்துவமனை வளாகத்தில் காரை நிறுத்தவே அதைவிடப் பல மடங்கு கொடுத்துப் பழகியவள் நான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் வியப்பு புரியவில்லை. "ஏதாவது குறைகிறதா, அக்கா?" என்று மலாயில் கேட்டார்.

இருபத்தோரு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இந்த முறை மலேசியாவில் நான் பிறந்த சுங்கை சிப்புட்டுக்குப் போனது கல்யாணத்துக்கும் இல்லை, தைப்பூசத்துக்கும் இல்லை. சின்னம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆறு சுற்று மருந்தில் கடைசிச் சுற்று பாக்கி. கூட இருக்க மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஏறினால் ஈப்போவைத் தாண்டியதும் ஊர் வந்துவிடுகிறது. ரயில் நேரத்துக்கு வந்தது. உள்ளே குளிர்தான் எலும்பைத் துளைத்தது. போகிறவர்கள் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வரக் காரணமான ஊர் இது. நான் பிறந்தபோது சுற்றிலும் ரப்பர். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடி வந்தும், சின்னம்மா இன்னும் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்குப் போகிறவர் போல விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறார். இருபத்தெட்டு ஆண்டு பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த பழக்கம்.

நோய் எப்படித் தெரிய வந்தது என்பதை அவர் கைலியை வைத்துத்தான் சொன்னார். முன்பு இடுப்பில் இரண்டு சுற்று வந்து செருகுகிற கைலி, போன ஆண்டு ஒரு சுற்றுக்கே திணறியது. துணியில் பழைய மடிப்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கோட்டுக்கும் புதிய முடிச்சுக்கும் இடையில் ஒரு சாண். கையும் காலும் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் உப்பியது. இரண்டு இடியாப்பம் சாப்பிட்டால் தொண்டை வரை நிறைந்தது போல இருந்ததாம். அடிக்கடி சிறுநீர். ஊரிலுள்ள ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்து மாதம் வாயு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம். "வயிற்றில் காற்று" என்ற ஒரே பதில், ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு நிற மாத்திரையோடு.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கிளினிக்கை மட்டும் திட்டி முடித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. சின்னம்மா தன் உடம்பைக் கவனிக்காதவர் அல்ல. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பேப் ஸ்மியர் எடுத்தவர். "கர்ப்பப்பை சுத்தமாக இருக்கிறது என்று தாளே கொடுத்தார்களே" என்று அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். தாள் பொய் சொல்லவில்லை. அது கருப்பை வாயைப் பற்றிய தாள். சினைப்பை அந்தச் சோதனையின் கண்ணில் படவே படாது. நம் பேச்சிலோ அடிவயிற்றில் எது வந்தாலும் கர்ப்பப்பைதான். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டோம்; அந்தச் சொல்லை நம்பி சின்னம்மா ஐந்து மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழி பிறந்துவிட்டது. மலேசியப் பள்ளிகளில் 2010 முதல் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் பெண்கள் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், முடிவு கைப்பேசிக்கே வரும். சினைப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. முயலாமல் இல்லை: பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு சி.ஏ. 125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் இன்னொரு பிரிவுக்கு ஸ்கேனும் ஆண்டுதோறும் செய்து, சோதனை செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. சோதனை செய்துகொண்டவர்களிடமும் இந்த நோயால் வரும் சாவு குறையவில்லை. ஆகவே இப்போதைக்குக் கைலிதான் சோதனை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிற்று உப்பசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அவசரமாகச் சிறுநீர் வருவது, இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கி மாதத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் வந்தால், வாயு மாத்திரையை வைத்துவிட்டு ஸ்கேனும் இரத்தமும் கேளுங்கள்.

இனி நல்லதைச் சொல்கிறேன். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அரசாங்க மருத்துவமனை ஓடிய ஓட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்று சுற்று மருந்து, பிறகு பெரிய அறுவை, பிறகு மறுபடி மூன்று சுற்று. அறுவையில் கருப்பை, இரண்டு சினைப்பை, கருக்குழாய்கள், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வார்டில் ஒன்பது நாள். எண் சீட்டு வாங்க விடியுமுன் போய் நிற்க வேண்டும், நாற்காலிகள் போதாது, உணவகத்தில் மீகோரெங் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அது வேறு.

கடைசிச் சுற்றன்று நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் ஒவ்வாமை வராமல் இருக்க ஊசி, பிறகு மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஒரு மருந்து, அதற்குப் பிறகு இன்னொன்று. இரண்டாவது கார்போபிளாட்டின், பிளாட்டினம் உலோகத்திலிருந்து வருவது. சின்னம்மாவைக் கவர்ந்தது முதலாவது. அது பாக்லிடாக்செல், 1962இல் அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த மாதிரியில் தொடங்கி, முப்பது ஆண்டு கழித்து 1992இல்தான் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அங்கே அனுமதி பெற்றது என்று சொன்னேன்.

கண் மூடிப் படுத்திருந்தவர் திறந்தார். "பட்டையிலிருந்தா?"

"ஆமாம், சின்னம்மா. ஆரம்பத்தில் மரத்தை முழுக்க உரித்தார்களாம்."

"உரித்தால் மரம் செத்துப் போகுமே!" படுக்கையிலிருந்து அரை அடி எழுந்துவிட்டார். "காயம் படாமல் சீவத் தெரியாதா அவர்களுக்கு? மரத்தில் காயம் பட்டால் கங்காணி எங்களுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டுவான்." இப்போது பட்டை வேண்டாம், வேறொரு யூ மரத்தின் இலையிலிருந்து பாதியை எடுத்து மீதியை ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் தலையணையில் சாய்ந்தார். தலையில் முடி இல்லை. "பத்துமலையானுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்" என்பார் யார் கேட்டாலும்.

அந்த வார்டில் தமிழ் பேசும் தாதி ஒருவர்தான். டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார், ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும். தோட்டத்து மலாய் சந்தைக்குப் போதும், மரபணுவுக்குப் போதாது. சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் "என்ன சொன்னார்?" என்றார்.

டாக்டர் சொன்னது, பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு பி.ஆர்.சி.ஏ.1 அல்லது பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறவிப் பிழை இருக்கிறது. அந்தப் பிழை இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். தம்பிக்கு நான் இப்படி விளக்கினேன்: தோட்டத்துக்கு இரண்டு பாலம். பிழையுள்ள புற்றணுவுக்கு ஒரு பாலம் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. மாத்திரை மற்றொன்றை மறிக்கிறது. அணு தன்னைப் பழுது பார்க்க வழியில்லாமல் சாகிறது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பிழையுள்ள பெண்களுக்கு, முதல் சிகிச்சை பலன் தந்த கையோடு ஈராண்டு கொடுத்துப் பார்த்த சோலோ-1 ஆய்வில், ஏழாண்டு கழித்து மாத்திரை எடுத்தவர்களில் 67 விழுக்காட்டினரும் எடுக்காதவர்களில் 46.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். தம்பி கேட்ட முதல் கேள்வி விலை. மாத விலை இங்குள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைப் பல மடங்கு தாண்டும். உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று தாதி படிவம் எடுத்துக் கொடுத்தார்.

இந்தச் சோதனை வார்டு வரை வந்ததற்கும் ஒரு கதை உண்டு. மரபணு ஆலோசகர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. சுபாங் ஜெயாவில் இருக்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா நிறுவனத்தார், அந்த ஆலோசனையைச் சாதாரண வார்டு டாக்டர்களும் தாதிகளுமே சொல்லப் பழக்கினால் என்ன என்று மேஜிக் என்ற ஆய்வில் நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். முடிகிறது என்று கண்டார்கள். எங்கள் தமிழ்த் தாதியின் கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்ததன் பின்னணி அதுதான் என்று நினைக்கிறேன்.

தாதி அந்தத் தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரையத் தொடங்கினார்: பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்த சின்னம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். "உங்கள் அம்மாவுக்கு என்னம்மா வந்தது?"

"வயிறு வீங்கிச் செத்தார். 1974. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஊசி போட்டு ஒரு வாளி தண்ணீர் எடுத்தார். மறுபடி ஊறிவிட்டது."

"வயது?"

"ஐம்பத்தொன்று."

தாதியின் பேனா கொஞ்ச நேரம் நகரவில்லை. பாட்டிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் வளர்ந்த வீட்டில் சொல்வார்கள். இன்னார் வைத்தது என்று பெயரும் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தோடு நாங்கள் ஐம்பது ஆண்டாகப் பேசுவதில்லை. தாதி பாட்டியின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார். பக்கத்தில் என் அம்மா: மாரடைப்பு, ஐம்பத்தெட்டு. அந்த வட்டத்திலிருந்து ஒரு கோடு கீழே இறக்கி, என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் அவர் மகளா? வயதென்ன?"

நாற்பத்தாறு. இன்னொரு வட்டம் வரைந்தார்.

முடிவு வர ஏழு வாரம் ஆனது. தம்பி தாளைப் படம் பிடித்து அனுப்பினான். பி.ஆர்.சி.ஏ.1, பிழை உண்டு. அப்படியானால் அம்மாவுக்கும் இருந்திருக்கப் பாதி வாய்ப்பு, எனக்கு அதிலும் பாதி. இருந்தால் என் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்வார்கள், பி.ஆர்.சி.ஏ.1 பெண்களுக்கு அதை முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே செய்யச் சொல்கிறார்கள், நான் தாமதம். சின்னம்மாவின் மகள்கள் இருவரும் இரத்தம் கொடுத்துவிட்டார்கள். சின்னவள் மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

எனக்கு அடுத்த வியாழன் காலை ஒன்பதரைக்கு இரத்தம் எடுக்கிறார்கள். சின்னம்மாவிடம் சொல்லவில்லை. தெரிந்தால், மாத்திரை சாப்பிடுகிற வயிற்றோடு எனக்காக விரதம் இருக்கத் தொடங்கிவிடுவார்.