பேச்சைக் கெடுக்கும் மூடி: மூன்று பாக காக்டெயில் ஷேக்கர் பற்றி

நண்பர்கள் வீட்டில் கூடும் மாலைகளில் காக்டெயில் கலக்கும் வேலை எப்படியும் ஒருவர் தலையில் விழும். அந்த ஒருவரைப் பேச்சிலிருந்து எவ்வளவு நேரம் பிரித்து வைக்கிறது என்பதைக் கொண்டுதான் பானத்தைக் குலுக்கிக் கலக்கும் பாத்திரமான ஷேக்கரை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. குடுவை, வடிகட்டியுள்ள நடுமூடி, தலைமூடி என மூன்று பாகங்களைக் கொண்ட 750 மில்லி எவர்சில்வர் ஷேக்கரை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அது பாதி தேறுகிறது, பாதி சோதிக்கிறது.

தேறும் பகுதி குளிரூட்டல். 60 மில்லி வெள்ளை ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு சிறு கரண்டி பொடித்த சர்க்கரை ஆகியவற்றை நிறைய ஐஸ் கட்டிகளுடன் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி வேகமாகக் குலுக்கினால் டைக்கிரி என்ற காக்டெயில் தயாராகிவிடும். ஐஸ் உருகுவது 0 டிகிரியில்தான் என்றாலும், ஆல்கஹால் கலந்த நீரின் உறைநிலை அதைவிடத் தாழ்ந்தது என்பதால், பானம் 0 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது. எவர்சில்வர் தகடு மெல்லியதாக இருப்பதால் வெளிப்புறத்தில் வெண்மையாக உறைபனி படர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்; குலுக்கியது போதும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

சோதனை அதன் பிறகுதான் தொடங்குகிறது. குளிரில் உலோகம் சுருங்குவதாலும், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் குறைவதாலும், நடுமூடி குடுவையைக் கவ்விக்கொண்டு வர மறுக்கிறது. வீட்டு உரிமையாளரின் புதிய கட்டளையைப் பற்றியோ, அலுவலகத்தில் தேவையே இல்லாமல் கூட்டப்படும் கூட்டங்களைப் பற்றியோ ஒருவர் மனம்விட்டுப் புலம்பிக்கொண்டிருக்கும்போது, பொரித்த தின்பண்டத்தின் எண்ணெய் படிந்த விரல்களால் ஈரமான மூடியைத் திருகிக்கொண்டு நிற்பவர், கதையின் முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறார். மேசையில் தட்டித் திறக்கலாம் என்று யோசனை சொல்ல எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். விளிம்பு நெளிந்துவிட்டால் பிறகு எந்த மூடியும் சரியாகப் பொருந்தாது என்பதால் அந்த யோசனையைக் கேட்கக் கூடாது. தலைமூடியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நடுமூடியும் குடுவையும் சேரும் இடத்தைச் சிறிது நேரம் சுற்றிப் பிடித்தால் பிடி தளர்ந்துவிடும். குலுக்குவதற்கு முன்பே நடுமூடியை முதலில் பொருத்தி, தலைமூடியைக் கடைசியாக வைப்பதும் நல்லது; இடையில் அடைபடும் காற்று வெளியேற வழி கிடைக்கும்.

இரண்டு குவளைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துப் பயன்படுத்தும் பாஸ்டன் ஷேக்கரில், பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் பிடி விட்டுவிடும். பார்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அதையே விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதற்குத் தனி வடிகட்டி வாங்க வேண்டும், பழகாத கையில் சிந்தவும் செய்யும். எனவே மாதத்தில் ஒருமுறை கூடுபவர்களுக்கு மூன்று பாக ஷேக்கரே போதும் என்பேன். அடிக்கடி கலக்குபவர்கள் யோசிக்காமல் பாஸ்டனுக்கு மாறிவிடலாம்.

வடிகட்டியின் துளைகள் இன்னும் சிறிதாக இருந்திருக்கலாம். நொறுங்கிய ஐஸ் துகள்கள் கோப்பையில் விழுகின்றன. புதினா இலை சேர்த்தாலோ துளைகள் அடைத்துக்கொண்டு பானம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. தலைமூடியையே அளவுக்கோப்பையாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள், ஆனால் உட்புறத்தில் ஒரு கோடுகூட இல்லாததால் 20 மில்லி எங்கே முடிகிறது என்பது ஊகம்தான். எலுமிச்சைச் சாறு சற்றுக் கூடினாலும் முகம் சுளிக்க வைக்கும் டைக்கிரிக்கு இந்த ஊகம் ஆகாது. தனி அளவுக்கோப்பை ஒன்று கட்டாயம் வேண்டும்.

750 மில்லி என்ற கொள்ளளவை நம்பி நால்வருக்கும் ஒரே தடவையில் கலந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாதிக்கு மேல் ஐஸ் நிறைந்திருந்தால்தான் பானம் சரியாகக் குளிரும், அப்போது இரண்டு பேருக்கு மட்டுமே இடமிருக்கும். மது அருந்தாத நண்பருக்கு எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்து இதிலேயே குலுக்கித் தரலாம். ஆனால் சோடாவைக் கோப்பையில் ஊற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அதை உள்ளே ஊற்றிக் குலுக்கினால் வாயுவின் அழுத்தத்தில், அதுவரை அசைய மறுத்த மூடி தானாகவே பறந்துவிடும்.