லேன் போர்ட் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

போன வாரம் வீட்டு உபுண்டு லினக்ஸ் கணினியில் (22.04, அதன் மையப் பகுதியான கெர்னல் 5.15) திடீரென்று நெட் வரவில்லை. மொபைலில் அதே ரவுட்டரில் நன்றாக வருகிறது. ஆபீஸ் வேலை அவசரம் என்பதால் தெருமுனைக் கடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டேன், அதுதான் தப்பு.

வந்தவர் லேன் போர்ட்டில், அதாவது நெட் கேபிள் செருகும் துளையில், கேபிளைப் பிடுங்கிச் செருகினார், பிரௌசரைத் திறந்தார், அவ்வளவுதான். "சார், போர்டுல லேன் போர்ட் அவுட்டு. வைஃபை அடாப்டர் போட்டுக்கலாம்" என்று 1,450 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார், வந்துபோன கூலி 500 தனி. 'லினக்ஸ் சப்போர்ட்' என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஒரு ஐகான் வருகிறது, உள்ளே விண்டோஸ் டிரைவர். "லினக்ஸ்னாலே இப்படித்தான் சார், ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம், 800 ஆகும்" என்றார். நல்லவேளை, நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், போன போர்ட்டில் பச்சை விளக்கு மினுக்குகிறது! டெர்மினலில் 8.8.8.8-க்கு (கூகுள் சர்வரின் எண் முகவரி) பிங் அடித்தேன், அதாவது பதில் கேட்டு ஒரு சிறு செய்தி அனுப்பினேன், பதில் வருகிறது. செத்த போர்ட் வழியாக எப்படி வரும்? தளத்தின் பெயரைப் போட்டு பிங் அடித்தால்தான் வரவில்லை, அதாவது கோளாறு தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். முந்தின நாள் ஒரு விபிஎன் மென்பொருளை நீக்கியிருந்தேன், அது ஈடிசி ஃபோல்டரில் இருக்கும், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் தன் சர்வர் முகவரியை எழுதிவிட்டு அப்படியே போய்விட்டது. அந்த ஃபைலை அழித்து, உபுண்டுவில் டிஎன்எஸ் வேலையைப் பார்க்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு வைத்திருக்கும் ஃபைலுக்குப் பழையபடி லிங்க் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. இதில் கொடுமை என்னவென்றால், அந்த அடாப்டர் வேலை செய்திருந்தாலும் கணினி அதே ஃபைலைத்தான் பார்த்திருக்கும், நெட் வந்திருக்காது. விண்டோஸ் போட்டிருந்தால் அந்த ஃபைலே அழிந்து நெட் வந்திருக்கும், நானும் அவரைக் கெட்டிக்காரர் என்று நம்பியிருப்பேன்.

கடையில் கேட்டால் "பெட்டி பிரிச்சுட்டா ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லும் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. பிங் அடித்துப் பார்க்காமல் போர்ட் போச்சு என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள்.

அடாப்டரில் இருப்பது ரியல்டெக் 8811சியூ சிப், கெர்னல் 6.2-இலிருந்துதான் அதற்கு டிரைவர் கூடவே வருகிறது. புதிய கெர்னல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.