பெரிய எழுத்து வேதாகமம்: ஆச்சிக்கு வாங்கியது

பழைய மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்துப் பதிப்பு, ஜிப் வைத்த கறுப்பு அட்டை, பக்க ஓரத்தில் தங்கப்பூச்சு. எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகள் கடையில் புரட்டிப் பார்த்த மற்றவற்றிலும் இருந்தன.

ஆச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை முடித்துவிட வேண்டும். மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து என்று போனால் கணக்கு சரியாக வரும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய வேதாகமத்தின் பொடி எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை, கணக்கு நாளாகமத்திலேயே நின்றுவிட்டது. போனில் ஆடியோ போட்டுக் கொடுத்தோம். இரண்டாவது அதிகாரத்தில் கண்ணயர்ந்துவிடுவாள், அது நிற்காமல் அடுத்த புத்தகத்துக்கே போயிருக்கும். "அது பாட்டுக்கு வாசிச்சிட்டுப் போவுது, நான் எங்க நின்னேன்னு அதுக்குத் தெரியுமாலே?" என்றாள். அதோடு அது முடிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து உண்மையாகவே பெரிது, வரிக்கு வரி இடைவெளி இருக்கிறது, ஆச்சி இப்போது விரல் வைத்து வரி தேடுவதில்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சின்ன எழுத்தாக வார்த்து 1715ல் வேலையை முடித்தார்கள். காகிதச் சிக்கனம் பார்க்கிற அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது இந்தப் பதிப்பிலும் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, பருமன் கூடக்கூடாது என்று தாளை மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. சங்கீதத்தில் பரவாயில்லை, நெருக்கமாக ஓடுகிற எண்ணாகமத்தில் கஷ்டம்.

சுவிசேஷங்களில் இயேசு பேசியதெல்லாம் சிவப்பு. அழகுதான், ஆனால் அந்தச் சிவப்பு வெளிறியிருக்கிறது. எதை முக்கியம் என்று நிறம் கொடுத்தார்களோ அதைத்தான் ஆச்சி சிரமப்பட்டு வாசிக்கிறாள். வயதானவர்களுக்கு வாங்குவதானால் முழுக்கக் கறுப்பில் கேளுங்கள்.

அப்புறம் எடை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோவுக்கு மேலே நின்றது. மடியில் வைத்தால் கால் மரத்துவிடுகிறது என்றாள். முஸ்லிம் வீடுகளில் குர்ஆன் வைத்து ஓதுவார்களே, அந்த மாதிரி மரத்தில் ஒரு மடக்குப் பலகை வாங்கிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி. ஜிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். மூட்டுவலி வந்த விரலால் அதன் சின்னப் பிடியை இழுக்க முடியாது. இப்போது திறந்தபடியே கிடக்கிறது.

வாங்கிக் கொடுத்த வாரத்தில், "இவ்வளவு தடவை வாசிச்சாச்சே ஆச்சி, இனி சும்மா ஜெபம் மட்டும் பண்ணினா போதாதா" என்று கேட்டேன். "சாலொமோனுக்கு என்னலே குறை? வயசான பெறவுதானே வழுக்குனான்" என்றாள். வயதான காலத்தில் மனைவிகள் பேச்சைக் கேட்டு அவன் வேறு தெய்வங்களைப் பின்பற்றியதை 1 இராஜாக்கள் 11 சொல்கிறது. யூதாவின் ராஜா ஆசாவும் அப்படித்தான், முப்பத்தைந்து வருஷம் போல நல்லபடி ஆண்டுவிட்டு, கடைசியில் காலில் நோய் வந்ததும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களை மட்டும் தேடிப் போனான். ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்பவள் அல்ல, மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போட்டுக்கொள்வாள். அவளுக்குப் பயம் கடைசி நேரத்து மெத்தனத்தைப் பற்றி. நம் சபைகளில் வாலிபர் கூட்டம், வாலிபர் முகாம் என்று ஓடுகிறோம், எண்பது வயதுக்காரர்களை ஏற்கெனவே ஓடி முடித்தவர்களாக நினைத்து விட்டுவிடுகிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. யோசுவாவோடு கானானுக்கு வந்த காலேப் 85 வயதில் மலைநாட்டைத் தாரும் என்று கேட்டான். "நான் புஸ்தகம்தானே கேட்டேன்" என்பது ஆச்சியின் வாதம்.

ஒன்று மட்டும் எந்தப் பதிப்பகமும் தர முடியாதது. பழைய வேதாகமத்தின் ஓரங்களில் பென்சிலால் தேதி போட்டிருக்கிறாள், தாத்தா இறந்த நாள் சங்கீதம் 71க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் வாசிப்பது புதியதில், தலைமாட்டில் இருப்பது பழையது. புதியதில் எழுதலாம் என்றால் தாள் மெல்லிசு, பேனா ஊறுகிறது, பென்சில் அழுத்தினால் கிழியும்.

கடைக்குப் போனால் வாசிக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் எண்ணாகமத்தில் ஒரு பக்கத்தையும் மத்தேயு 5ஆம் அதிகாரத்தையும் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், தாளும் சிவப்பும் அங்கேயே தெரிந்துவிடும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஆச்சி ஐந்தும் கொடுத்துவிட்டாள், ஜிப்பை மட்டும் பிளேடு வைத்து அறுத்துத் தரச் சொல்கிறாள்.