மருந்துக்கடையில் விற்கும் தாய்ப்பால் குருணை: வாங்கலாமா?

பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைகளில் இந்த டப்பா கண்ணில் படும்படி அடுக்கியிருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கு, அதாவது சதாவரி சேர்த்த குருணை. ஏலக்காய், சாக்லேட், சர்க்கரை சேர்க்காதது என்று வகைகள் உண்டு. வேளைக்கு இரண்டு தேக்கரண்டி, வெதுவெதுப்பான பாலில், தினம் இரண்டு வேளை. "பால் நல்லா ஊறும், பாலில் சத்தும் கூடும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஊறும் என்பதற்காவது ஓரளவு இடமுண்டு. சத்து கூடும் என்பது சரியல்ல.

சதாவரியை வைத்து இந்தியாவில் நடந்த சிறிய ஆய்வுகளில் ஒன்று பலன் தெரிந்தது என்றது. இன்னொன்று வித்தியாசமே இல்லை என்றது. பால் ஊறுவது முதலில் மார்பு எத்தனை முறை காலியாகிறது என்பதைப் பொறுத்தது. பச்சைக்குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பாமல், சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். இது நடக்காதபோது எத்தனை டப்பா காலியானாலும் பயனில்லை.

இனி சத்து. 100 மி.லி. தாய்ப்பாலில் லாக்டோஸ் ஏறக்குறைய 7 கிராம், கொழுப்பு 3.5 முதல் 4 கிராம், புரதம் 1 கிராம் இருக்கும். தாய் எதைச் சாப்பிட்டாலும் லாக்டோஸும் புரதமும் பெரிதாக அசையாது. இரும்பும் கால்சியமும் அப்படித்தான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் உடம்பு தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குக் கொடுத்துவிடும். ஆகவே டப்பாவில் இவை சேர்ந்திருந்தாலும் பலன் தாய்க்குத்தான். அந்த இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு அரசுத் திட்டத்திலேயே இலவசம்.

தாயின் சாப்பாட்டைப் பொறுத்து பாலில் மாறுபவை வேறு: பி12, பி1 போன்ற பி வைட்டமின்கள், வைட்டமின் ஏ, அயோடின், கொழுப்பின் வகை. இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது பி12. முட்டை, மீன் தொடாத, பால் தயிரும் குறைவாகச் சாப்பிடும் தாயின் பாலில் அது இறங்கிவிடும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நான்கைந்து மாதத்துக்குப் பிறகு வெளுத்து, சிரிப்பு குறைந்து, நின்ற தலை மறுபடி தொங்கும்; சிலருக்குக் கைகால் நடுங்கும். எடை நன்றாக இருப்பதால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சர்க்கரைக்கோ சினைப்பை நீர்க்கட்டிக்கோ மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் குறை வர வாய்ப்பு அதிகம், அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சதாவரிக் கிழங்கில் பி12 கிடையாது.

கொழுப்பின் அளவு மார்பு காலியாகக் காலியாகக் கூடும். முதலில் வரும் பால் நீர்த்தும் கடைசியில் வருவது கெட்டியாகவும் இருப்பது அதனால்தான். வகை மட்டும் தட்டிலிருந்து வரும். தாய் சாப்பிட்ட மீனின் ஒமேகா-3 ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு கொடுப்பது நம் வழக்கம். மீன் என்ற அளவில் நல்ல யோசனை, ஆனால் சுறாவில் பாதரசம் அதிகம் சேரும். வாரம் இரண்டு முறை மத்தி அல்லது நெத்திலி கொடுத்தால் இந்தக் கவலை இல்லை, செலவும் டப்பா விலையை எட்டாது. பத்தியம் என்று மீன், முட்டை, கீரை மூன்றையும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்ந்த பிரசவ லேகியத்தை நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதில் குற்றமில்லை. பாலின் சத்தை அதுவும் மாற்றாது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத உரிமத்தில் வரும் டப்பாக்களில் 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உள்ள மூலிகைகளை மில்லிகிராமில் எழுதி, சர்க்கரை அடிப்படையைப் "போதிய அளவு" என்று முடித்திருப்பார்கள். மூலிகைகளைக் கூட்டி 5 கிராமிலிருந்து கழியுங்கள். மீதி பெரும்பாலும் சர்க்கரை. நாளுக்கு நான்கு தேக்கரண்டி என்றால் 20 கிராம் குருணை. அதில் பாதி சர்க்கரையாக இருந்தாலே 10 கிராம், பாலில் தனியாகப் போடும் சர்க்கரை வேறு.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். பால் உற்பத்திக்கு மார்புச் செல்களுக்கு இன்சுலின் வேலை செய்தாக வேண்டும். உடல் பருமனோ சர்க்கரையோ இருந்தால் பால் இறங்குவதே மூன்று நாளைத் தாண்டலாம். அந்தத் தாமதத்தைப் பார்த்து இனிப்புக் குருணை கொடுப்பது தலைகீழான வைத்தியம். பிறந்த ஒரு மணி நேரத்தில் தொடங்கி அடிக்கடி சப்பக் கொடுப்பதும், போதாவிட்டால் சீம்பாலைக் கையால் பீச்சிக் கரண்டியில் கொடுப்பதும்தான் வழி. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போனால் அதையும் அன்றே முடித்துவிடலாம்.